சரிங்கண்ணா என்று சொன்னேன்

அண்ணா,

கிணற்றடியில் நீ வைத்த ஒட்டு மாமரத்தை இன்று காலை வெட்டிவிட்டார்கள். சமையலறை வரை மாம்பால் வாசம். நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இனி அந்த மரியாதை கிடையாது.

நீ பெரியப்பா மகன், பெரிய காலேஜில் படித்தவன். லீவுக்கு எங்கள் ஊர் முதலமடைக்கு வந்தால் களத்தில் நடந்துகொண்டே கம்ப்யூட்டர் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாய். சி என்று ஒரு மொழி, அதில் ஃபங்ஷனுக்கு எதை அனுப்புவது என்று ஒருநாள் படித்தாய். "யாரு ஊட்டு பங்சனுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். காதுகுத்தும் சீரும் தவிர வேறு ஃபங்ஷன் எனக்குத் தெரியாது. மாங்காய் லாரிக்காரர் வரைக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தாய்.

பிறகு தரையில் கரியால் கட்டம் போட்டுக் காட்டினாய். "ஃபங்ஷன்கிறது ஒரு வேலைக்காரன்னு வெச்சுக்க அம்மிணி. ஒரு எண்ணைக் குடுத்தீன்னா அவன் கைக்குப் போறது நகல்தான். அவன் என்ன பண்ணுனாலும் உன்ற எண்ணு மாறாது. அது இருக்கற விலாசத்தைக் குடு, நேரா அங்கயே போயி மாத்திப் போடுவான்." விலாசத்தை வைத்திருப்பதற்குப் பாயிண்டர் என்று பெயராம்.

அப்பாவிடம் எனக்கு வாய் வராது. ஒன்பதாவதோடு என்னை நிறுத்தும் பேச்சு வந்தபோது, படிக்கிறேன் என்று உன்னிடம்தான் சொல்லி அனுப்பினேன். சரி என்று போனாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அவளுக்கே இஷ்டமில்லீங்க சித்தப்பா. ஃபங்ஷன்னா சீருன்னு நெனைக்கறவ, படிச்சு என்ன பண்ணப் போறா?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது.

உன் பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் கொடுத்தது நகல். உனக்குள்ளேயே கிடந்து செத்தது. அப்பாவின் மனசு இருக்கும் விலாசம் உன்னிடம் இருந்தது. நேராகப் போய் மாற்றிப் போட்டாய்.

மஞ்சள்காமாலையில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டாய். வேர் கிணற்றுச் சுவரைப் பிளக்கிறது, மரத்தை எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். "சித்தப்பாகிட்டச் சொல்லு புள்ள. அதை மட்டும் வெட்ட வேண்டாம்னு."

"சரிங்கண்ணா" என்றேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடினாய்.

நான் சொல்லவில்லை. இன்று கோடாலியோடு ஆள் வந்து நின்றபோது அப்பாவே தயங்கினார்.

"உங்கண்ணன் வெச்ச மரம். எடுத்தறலாமா கண்ணு?"

முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "எடுத்துருங்கப்பா."

விறகை அடுக்கிய கையில் பால் பட்டு எரிகிறது. எரியட்டும். நீ கொடுத்தனுப்பிய சொல் வாங்கியபடியே என்னிடம் இருக்கிறது. யாரிடமும் கொடுக்கப் போவதில்லை.