கை நீட்டியது நீங்கள் இல்லை

திருச்செங்கோடு,
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் சித்தப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எல்லோரும் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் ஓட்டும் போர்வெல் ரிக் வண்டிக்கு அரிசியும் மசாலாத்தூளும் ஏற்றிவரும் அப்புசாமி மாமா இதைத் தருவார்.

இதய அடைப்புக்கு உங்களுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. ரிக் ஏஜென்ட் வேலைக்கு உடம்புச் சான்று கேட்டதும் லேப் அக்கா ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தார். "கதிர்வேலுங்களா?" என்றார். "ஆமாங்க" என்று கை நீட்டியது நீங்கள் இல்லை, சித்தப்பா. நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள். நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதே ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரும் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும் உங்கள் உடம்பு இன்சுலினுக்கு அடங்கவில்லை என்று அவர் முன்பே சொன்னார். அதை அளக்க ஓர் எண் உண்டு; அடைப்பு வந்தவருக்கு அந்த எண் கூடினால் மறுபடி அட்டாக் வரும் வாய்ப்பும் கூடுமாம். வெறும் வயிற்றில் எடுத்த டிரைகிளிசரைடையும் சர்க்கரையையும் பெருக்கி, பாதியாக்கி, இயல் மடக்கை எடுக்க வேண்டும். நான் போட்டுப் பார்த்தேன். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் 9.56. சித்தப்பா கொடுத்த ரத்தத்தில் 8.26.

திரும்பி வாருங்கள்.

யுவஸ்ரீ


ராய்ப்பூர் கேம்ப்,
27 ஜனவரி

சாமி யுவஸ்ரீக்கு அப்பா எழுதறது.

எனக்குச் சக்கரையே இல்லீங்கறப்ப இன்சுலினுக்கு எதுக்கு அடங்கோணும்? உன்ற வாய்தான் அடங்கல. மழை வந்தா ரிக்கு நின்னுபோகும், அதுக்குள்ள நாலு போர் போட்டாத்தான் உண்டு. தமிழரசு என்ற கூடப் பொறந்தவன். அவன் ரத்தமும் என்ற ரத்தமும் ஒண்ணுதான். வெளிய மூச்சு உட்டீன்னா பள்ளிக்கூடத்தையே நிறுத்திப்போடுவேன், பாத்துக்க.

அப்பா


திருச்செங்கோடு,
5 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று பள்ளி விட்டதும் டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. உங்களைத்தான் திட்டினார். நிறுத்திய மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார். வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரே ரத்தம் என்றால் அடைப்பு ஏன் உங்களுக்கு மட்டும் வந்தது?

சித்தப்பா கேட்டால் நான்தான் சொன்னேன் என்பேன். பள்ளிக்கூடத்தை நிறுத்துங்கள். நிறுத்துவதற்காவது ஊருக்கு வருவீர்கள் அல்லவா?

யுவஸ்ரீ


ராய்ப்பூர் கேம்ப்,
14 பிப்ரவரி

யுவஸ்ரீக்கு,

உன்ற மெரட்டலுக்குப் பயந்து இத எழுதல. மாத்திரை போட்டுக்கிட்டு வாரேன். இன்னிக்கு வெறும் வயித்துல பச்சத்தண்ணிய மட்டும் குடிச்சுட்டு இந்த ஊரு லேப்ல ரத்தம் குடுத்தேன். என்ற கைதான். நம்பலீன்னா அப்புசாமியக் கேளு, அவன்தான் சாட்சி.

டிரைகிளிசரைடு 262. சக்கரை 121. பெருக்கிப் பாதியாக்குனா 15,851. அதுக்கு மேல கால்குலேட்டர்ல எந்தப் பொத்தான அமுத்தறதுன்னு தெரியல.

மாத்து டிரைவர் வந்ததும் பொறப்படறேன். பள்ளிக்கூடம் போயிட்டு வந்து நீயே அமுத்திக் காட்டு.

அப்பா