வசந்தா சோப்பில் கரைந்த பட்டு

அன்புத் தங்கை வசந்தாவுக்கு,

நீ இருந்தபோது உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுவதற்குக் காரணம், சில நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் பாதிப் பழி உன்னுடையது.

முதலில் நல்ல செய்தி. நீ சமையலறையில் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்த சோப்பு இன்று வியாபாரம் ஆகிவிட்டது. உன் காரியம் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் அச்சுகளையெல்லாம் ஒரு கோணியில் கட்டி என் வாசலில் வைத்தார். "இந்தப் பேஜாரெல்லாம் எனக்கு வேணாம் மச்சான், நீங்களே வெச்சிக்கினு அழுங்க" என்றார். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் கோணியை உள்ளே எடுத்து வைத்தேன்.

வேறு என்ன வேலை எனக்கு? வேதியியல் முதுகலை படித்து, அத்தனை வருஷம் பாடம் நடத்தியவனை, மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தனியார் கல்லூரி வெளியே அனுப்பியது. எனக்குப் பதிலாகத் தாளாளரின் சொந்தக்காரனை வைத்துக்கொண்டார்கள் என்பது உனக்கே தெரியும். சரி, அதை விடு. என்னால் விட முடியவில்லை, நீயாவது விடு.

சோப்புக்கு உன் பேரையே வைத்தேன். உறையிலும் பெட்டியிலும் 'வசந்தா' என்று மட்டும் இருக்கும். பட்டுக்கடை வைத்திருக்கும் நம் பெரியப்பா மகனிடம் போய், கல்லாப் பக்கத்தில் நாலு கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "சோப்பு வாசனை பொடவையில ஏறிடும்ணா. அப்புறம் பட்டு வாங்க வந்தவங்க குளிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லி, கடையில் இருந்தவர்கள் சிரிக்கும்வரை காத்திருந்தான். அவன் வீட்டு விசேஷத்துக்கு இனி நான் போவதாக இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நயினார் வீடு, சமணர்கள். அவர்கள் பேரை எழுதவில்லை, இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருக்கிறேன், நாலு பேர் படிப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு நம் சோப்பும் போட வேண்டும் என்றார் அந்த வீட்டு அம்மா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கொழுப்பு கிழுப்பு ஏதாச்சும் சேர்க்கறீங்களா சார்? எங்க வீட்ல ஆகாது."

நான் வகுப்பெடுக்கிற குரலில், "தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா. சுத்த சைவங்க" என்று சொல்லி, மாதிரிக்கு இரண்டு கட்டி கொடுத்தேன்.

வேண்டுமென்று மறைக்கவில்லை வசந்தா. தோன்றவே இல்லை. காஸ்டிக் சோடாவைக் கரைத்ததும் தண்ணீர் தானாகக் கொதிக்குமே, அந்தச் சூட்டில் ஒரு பிடி அறுந்த பட்டு நூலைப் போட்டுக் கரைப்பாய், நுரை மெத்தென்று வருவதற்காக. அதையேதான் நானும் செய்தேன். தறி ஓடும் தெருவில் பட்டுப் பிசிறு துணியில் ஒட்டும், சோற்றில்கூட விழும். நமக்கு அது நூல். அது ஒரு புழு கட்டிய கூடு, கூட்டோடு புழுவையும் வேகவைத்து எடுத்தது என்று நம் ஊரில் யார் நினைக்கிறார்கள்? நீ நினைத்திருக்கிறாயா?

சோப்பெல்லாம் காய்ந்து, உறை போட்டு முடித்த பிறகு அந்த அம்மா போன் செய்தார். முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்கு வரப்போகிறார்களாம். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க அத்தை மட்டும் கடைக்குள்ளயே வரமாட்டாங்க சார். பூச்சியக் கொன்னு எடுக்கறதுன்னு பட்டையே தொடமாட்டாங்க. பேத்தி கட்டிக்கினா கட்டிக்கட்டும், என் மேல படக்கூடாதும்பாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். கல்யாணம் நெருங்கிவிட்டது. புதிதாகச் செய்தால் காய்வதற்கே வாரக்கணக்காகும். உன் அண்ணியிடம் சொன்னேன். மல்லிகா பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"கரைஞ்சி போனதுல பூச்சி எங்க இருக்குது? ஜல்தியா கொண்டு போய் எறக்கிட்டு வாங்க."

"அந்தம்மா கேட்டாங்களே மல்லிகா."

"கொழுப்பத்தானே கேட்டாங்க? பட்டக் கேக்கலயே? ஊர்ல நீங்க ஒருத்தர்தான் யோக்கியரு. அந்த யோக்கியத்துக்குத்தான் காலேஜ்ல மாலை போட்டு அனுப்பினாங்க."

அவள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. என்னை ஏமாற்றியவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்? இப்படியே எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் பெட்டிகளில் உன் பேர். பட்டையே தொடாத அந்த வீட்டுப் பெரியம்மா நாளைக்குத் தெரிந்துகொண்டால் யாரைச் சபிப்பார்? என் பேர் அவருக்குத் தெரியாது. உன் பேர்தான் தெரியும்.

நேற்று பஸ் ஏறிப் போனேன். வீட்டில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவை ஓரமாக அழைத்துச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"கல்யாணத்த வெச்சிக்கினு இப்ப வந்து சொல்றீங்களே சார், நியாயமா?"

"தப்புதாங்க. முன்னாடியே தோணல."

"கெமிஸ்ட்ரி வாத்தியார்னு சொன்னீங்க!"

உள்ளேயிருந்து அவருடைய கணவர், "சோப்புக்காரர் என்னாவாம்?" என்று குரல் கொடுத்தார். "வேணாம்னு சொல்லிகினு இருக்கேன்" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். ஆர்டர் போயிற்று.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாதிரிக்குக் குடுத்தீங்களே, அதுல அத்தைதான் குளிச்சாங்க. தீர்ந்துபோச்சி, இன்னொண்ணு வாங்கிக் குடும்மான்னு கேட்டுகினு இருக்காங்க. நான் இப்ப என்னா சொல்றது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை வசந்தா. சொன்னால் அந்த வயதில் அவர் மனம் என்ன பாடுபடும்? சொல்லாவிட்டால், நான் அவ்வளவு தூரம் போனதற்கு என்ன அர்த்தம்? "நீங்களே யோசிச்சி செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இந்தக் கடிதம் அந்தப் பெரியம்மாவின் கண்ணில் படக்கூடாது என்றும் இருக்கிறது. பட்டால் தேவலை என்றும் இருக்கிறது.

இன்று காலை பட்டு போடாமல் கலக்கி அச்சில் ஊற்றினேன். நுரை எப்படி வருமோ, காய்ந்த பிறகுதான் தெரியும். மணிக்கொருதரம் மூடியைத் திறந்து பார்க்கிறேன், திறக்கக்கூடாது என்று தெரிந்தும். பட்டில்லாமல் செய்தால் அது உன் சோப்புதானா என்கிற பயமும் இருக்கிறது. பழைய பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு கட்டியிலும் 'பட்டு கலந்தது' என்று சீட்டு ஒட்டுகிறாள் மல்லிகா, என்னைத் திட்டிக்கொண்டே. யார் வாங்குவார்களோ, தெரியவில்லை.

உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். புதிய சோப்பு காய்ந்ததும் முதல் கட்டியை அந்தப் பெரியம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். முன்பு கொடுத்ததில் என்ன இருந்தது என்பதையும் அவர் எதிரில் நின்று நானே சொல்வேன். அந்தப் பாரத்தை மருமகள் தலையில் விட்டுவிட்டு இன்னொரு முறை ஓடிவர மாட்டேன். அவர் திட்டினால், உன் பேருக்கு வர வேண்டியதையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் அண்ணன்