ஆடுகளம் கொடுத்தவளுக்கு ஓர் இடம்

நீ இறந்த நாற்பதாம் நாள் ஓதிய ஃபாத்திஹாவுக்கு வந்த நான், திரும்பும்போது முந்தானைக்குள் எதையோ ஒளித்து எடுத்துக்கொண்டு போனதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் எடுக்கவில்லை, உன் மகள் கொடுத்தாள். ஒளிக்கவும் இல்லை. தூறல் விழுந்தது, நோட்டு நனையக்கூடாது என்று மூடினேன். அது என்னுடைய நோட்டு. அட்டையில் என் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றரை வருடம் அது உன் அலமாரியில் ஏலக்காய்ப் பொட்டலங்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் கடையின் வாசனை. மேசையில் வைத்தால் அறை முழுக்க நீ வந்து உட்கார்ந்துகொள்கிறாய்.

அந்த நோட்டு ஏன் வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். உன் மருமகன் துபாயில் ஒரு மைதானத்தில் மின்சார வேலை பார்த்தார். அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பியில் உலகப் போட்டி அங்கே நடக்கப்போகிறது என்று ஃபோனில் சொன்னார். அன்றிலிருந்து கேபிளில் எப்போது ரக்பி வந்தாலும் மதில் மேல் உன் குரல் வரும்.

“ஏடி டீச்சரு, அடுப்ப அமத்திட்டு வா. ஆளத் தூக்கிப் போட்டு மேல விழுகுறாக!”

வளர்ந்த ஆண்கள் தரையில் உருளுவதைப் பார்க்க நான் என்ன வேலையற்றவளா என்று கேட்டேன்.

“ஏழு நிமிசம், ஒரு மூச்சு, திரும்ப ஏழு நிமிசம். அம்புட்டுத்தான். நீ ஒரு ஆளத் திட்டி முடிக்கிற நேரத்துல ரெண்டு ஆட்டம் முடிஞ்சு போகும்.”

வந்தேன். பார்த்தேன். ஆனால் எந்த நாடு எந்த வழியில் உள்ளே வந்தது என்று தெரியாமல் ஆட்டம் பார்க்க என்னால் முடியாது. முப்பது வருடம் புவியியல் நடத்தியவள். அவரோடு துபாயில் இருந்த உன் மகளிடம் சொல்லி விவரங்களைத் தபாலில் வரவழைத்தேன். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். முந்தைய உலகப் போட்டியில் கால் இறுதிவரை வந்த எட்டு நாடுகளுக்கு நேரடி இடம். மற்றவர்கள் அவரவர் பகுதியில் ஆடி ஜெயித்து வர வேண்டும். ஐரோப்பாவுக்குத் தனி, ஆப்பிரிக்காவுக்குத் தனி, ஆசியாவுக்குத் தனி, அமெரிக்கக் கண்டங்களுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் தனித்தனி. ஒரு பகுதிக்கு எத்தனை இடம் என்று முன்பே வைத்திருப்பார்கள். அதற்கு அடுத்து வந்தவர்கள் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நீ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் படித்தாய். கடைசி வரிசையில் விரல் நின்றது.

“இது என்ன? வளைகுடா அணி. எங்க ஆடி ஜெயிச்சாக?”

“எங்கேயும் இல்லை. போட்டியை நடத்துபவர்களுக்கு ஓர் இடம் உண்டு.”

“ஆடாமலேயா?”

“ஆடாமலே.”

“அது நாயமா?”

“விதி. களத்தைக் கொடுக்கிறார்கள், வருகிறவர்களுக்கு வேண்டியதைச் செய்கிறார்கள். அவர்களையே வெளியே நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?”

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். அப்போது அவற்றின் கனம் எனக்குத் தெரியவில்லை. நீ டிவியின் சத்தத்தைக் குறைத்தாய். இரண்டு நாட்களுக்கு முன்புதான் நம் கான்வென்டின் பழைய மாணவியர் மலருக்கான பெயர்ப் பட்டியலை உன்னிடம் காட்டியிருந்தேன். பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை இப்போதைய மதர் என்னிடம் கொடுத்திருந்தார். பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்களின் பெயர் மட்டும் என்று விதி வகுத்தது நான். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் உன்னை நிறுத்தி இந்தக் கம்பம் ஊருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் உன் பெயர் அதில் இல்லை. அன்றைக்கு நீ பட்டியலை முழுவதும் படித்துவிட்டு, “கையெழுத்து இன்னும் அப்படியே இருக்குடி” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டாய்.

இப்போது கேட்டாய்: “நம்ம பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்துலயும் இந்த மாதிரி ஒரு வரிசை போட்டா என்ன?”

“நாங்கள் விளையாடிய களம் உன் அத்தாவுடையது. உன்னுடையது இல்லை.”

“அந்த நெலத்துல கடல போடாம விடச் சொல்லி மூணு நாளு சோறு திங்காமக் கெடந்தது யாரு? எங்க அத்தாவா?”

எனக்கு அது தெரியும். கான்வென்டை ஒட்டியிருந்த உன் தகப்பனாரின் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வருடா வருடம் விதைக்காமல் கிடந்ததால்தான் விடுதிப் பிள்ளைகளான நாங்கள் ஓடி விளையாடினோம். சாயங்காலம் வேலிப்படலைத் திறந்துவிட நீதான் முதலில் வந்து நிற்பாய். ஆட்டத்தில் உன்னைச் சேர்த்துக்கொள்ளாத நாட்களும் உண்டு. அப்போதும் திறந்துவிட்டாய்.

தெரிந்தும் நான் சொன்னேன்: “இது பந்தாட்டம் இல்லை. ஒருத்திக்காக விதியை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள்.”

“எல்லாரும் வரட்டுமே. எம் பேரு எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. நெலத்துல அத்தா பேரு. கடைப் பலகைல அவுக பேரு. இதுலயாச்சும் இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

நான் ஸ்கேலை எடுத்துக் கட்டத்தின் ஓரக் கோட்டைச் சரிசெய்தேன். நீ சத்தத்தைப் பழையபடி கூட்டினாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என்னைக் கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. உலகப் போட்டி வந்தது. வளைகுடா அணி கோப்பைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பிழைக்கப் போனவர்களும் சேர்ந்து ஆடிய அணி என்று உன் மருமகன் சொல்லியிருந்ததால், அவர்கள் பந்தை எடுக்கும்போதெல்லாம் நீ சோபாவின் நுனிக்கு வந்தாய். தோற்றபோது கை தட்டினாய். தோற்றதற்கு எதற்குக் கைதட்டல் என்று கேட்டேன்.

“எடத்தக் குடுத்துட்டு ஒதுங்கி நிக்காம எறங்கி ஆடுனாகல்ல” என்றாய். அன்றைக்கு நோட்டை உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் கணவர் இறந்த வருடம் நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது, யாரோடும் ஒட்டாதவள் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். நீ மட்டும் முதல் நாளே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “வேலிப்படலத் தெறந்துதான் வச்சிருக்கேன்டி” என்று சொல்லிச் சிரித்தாய். நாற்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. பட்டியல் தயாரித்தபோது இதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த வருடம் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. அதிலும் எழுவர் ரக்பி உண்டு. போட்டியை நடத்தும் நாடு என்பதால் நம் நாட்டு அணியும் ஆடியது. நீ இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாய். புதிதாகக் கட்டம் போட உன் வீட்டிலிருந்து வந்த நோட்டைத் திறந்தேன். போன தடவை கடைசி வரிசையை எந்த வார்த்தைகளில் எழுதினேன் என்று பார்க்கப் பக்கத்தைப் புரட்டினேன்.

வளைகுடா அணிக்குக் கீழே பென்சிலில் ஒரு வரிசை கூடியிருந்தது. ஸ்கேல் வைக்காமல் கையால் போட்ட கோடு. நாடு என்ற பத்தியில் உன் பெயர். நம் காலத்து மதர் சொல்லிக் கொடுத்த அதே உருண்டை எழுத்து. தகுதி பெற்ற வழி என்ற பத்தியை நீ நிரப்பவில்லை. எனக்காக விட்டு வைத்திருந்தாய்.

தில்லியில் முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். நம் பையன்கள் மூச்சு வாங்க ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். இவர்களுக்கு இந்த இடம் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் நான் கை தட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

உன் வரிசையின் காலியான கட்டத்தை நேற்று மசியால் நிரப்பினேன். “ஆடுகளம் கொடுத்தவர்.” உன் அத்தா என்று எழுதவில்லை. என் திருத்தங்களால் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பட்டியலில் ஒரு புதிய பிரிவு சேர்க்க வேண்டும் என்று மதருக்கு எழுதிவிட்டேன். விதி வகுத்தவளே அதைத் திருத்துவதில் தடையில்லை என்றார். அப்படித் திருத்தியதில் எனக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. உன் கண் முன்னால் திருத்தாததில்தான் இருக்கிறது. அது என்னோடு இருக்கும். யார் எந்தப் பட்டியலைக் காட்டினாலும் இப்போது நான் கடைசி வரிசைக்குக் கீழேதான் முதலில் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இறந்தவர்களின் பெயரைச் சேர்க்கக் குடும்பத்தாரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பதும் நான் வகுத்த விதிதான். அதை நான் மாற்றப்போவதில்லை. ஆகவே இந்த மடலின் நகல் ஒன்றை துபாய்க்கு உன் மகளுக்கு அனுப்புகிறேன்.

மகளே, உன் அம்மாவின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க உனக்குச் சம்மதமா, இல்லையா? ஃபோனில் சொல்ல வேண்டாம். தாளில் எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பு.