கடைசிப் பீரியட்

என் அன்புள்ள கணக்கு வாத்தியாருக்கு,

நேரில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

"பாட்டு கிளாஸ்தானே, எனக்குக் குடுத்துடேன்" என்று கேட்டுக் கேட்டே என் வகுப்புகளையெல்லாம் விழுங்கினீர்கள். புருஷனாயிற்றே என்று நானும் கொடுத்துத் தொலைத்தேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாதிப் பாட்டில் திருதிருவென்று விழித்தபோது முதலில் சிரித்தவரும் நீங்கள்தான்.

தலைமையாசிரியை வேலை உனக்கெதற்கு என்று கேட்டீர்களே? டைம்டேபிள் போடுவது அந்த நாற்காலிதான்!

இனி தினமும் முதல் பீரியட் பாட்டு. விளையாடிக் களைத்த பிள்ளைகள் தூங்கி வழியும் கடைசிப் பீரியட் உங்களுக்கு. பக்கத்து அறையில் டிரம்ஸ் பழகுவார்கள்.

மாற்ற வேண்டுமானால் என் அறைக்கு வந்து கேளுங்கள். "கணக்குதானே" என்று சொல்ல எத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்!

இப்படிக்கு,
வீட்டில் உங்கள் மனைவி,
பள்ளியில் மேடம்.