ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே நின்ற லிஃப்டும் காணாமல் போன என் வகுப்புத் தோழரும்

அனுப்புநர்
லிஃப்ட் மெக்கானிக் (தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர்),
பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
இரகசியத் தகவல் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: சென்ற மாதம் மூன்றாம் புதன்கிழமை லிஃப்ட் நிறுத்தப்பட்டது, அதனால் நான் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது, தங்கள் பிரிவில் பணியாற்றிய என் பள்ளித் தோழரைக் காணவில்லை என்பது குறித்து.

பார்வை: என் மேலாளருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கட்டடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இதுவரை என்மேல் ஒரு புகாரும் இல்லை. பள்ளியில் நான்கு ஆண்டுகள் வகுப்புத் தலைவனாக இருந்தவன். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பட்டியலில் தினமும் முதலில் வந்த பெயர் ஒன்றுதான். அவரை எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடுவோம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் அப்போது ஒத்துப்போனதே கிடையாது.

2. முப்பது ஆண்டுகள் கழித்து, பழைய மாணவர் சந்திப்பில் அவரைப் பார்த்தேன். மனைவியுடன் வந்திருந்தார். தண்ணீர் வடிகட்டும் கருவி விற்பதாகச் சொன்னார். நான் வேலை செய்யும் கட்டடத்தைக் கேட்டுக்கொண்டு, கருவியைப் பற்றியே ஒன்றரை மணி நேரம் பேசினார். நானும் நம்பினேன், அவர் மனைவியும் நம்பிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரை இரகசிய வேலைக்குத் தேர்ந்தெடுத்தது யார் என்பது இந்த மனுவின் பொருள் அல்ல.

3. குறிப்பிட்ட புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மொட்டை மாடியில் உள்ள மோட்டார் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். வெளியாட்கள் மோட்டார் அறைக்குள் வரக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். தான் தங்கள் பிரிவைச் சேர்ந்தவர் என்றும், இரண்டு பேர் தன்னைத் துரத்தி வருகிறார்கள் என்றும், அவர்கள் இப்போது லிஃப்டில் ஏறிவிட்டார்கள் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. பள்ளி நாட்களில் அவர் வீட்டுப்பாடம் கொண்டுவராததற்கு இதைவிடப் பெரிய கதைகள் சொன்னதுண்டு. ஆனால் அன்று ரேடியோ அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அதன் பிறகே மின்சாரத்தைத் துண்டித்தேன்.

4. லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே நின்றது. அந்த இருவருடன் எங்கள் கட்டட மேலாளரும் உள்ளே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன் என்று விசாரணையில் சொல்லும்படி என் மனைவி அறிவுறுத்தினார். அது உண்மையா என்று எனக்கே தெரியாததால் நான் சொல்லவில்லை.

5. சில நிமிடங்களில் கீழே தட்டும் சத்தம் கேட்டது. வடம் இறங்கும் துளை வழியாக எட்டிப் பார்த்தேன். இருவரில் ஒருவன் மேற்பலகையைத் திறந்துகொண்டு லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றான். ரேடியோவும் பார்த்தார். லிஃப்டை உடனே அடித்தளத்துக்கு இறக்கச் சொன்னார். அப்படி இறக்கினால், லிஃப்டுக்கு மறுபுறம் மேலே ஏறிவரும் எதிர் எடையில் அடிபட்டு அந்த ஆள் பிழைப்பது கடினம். இந்த இடத்தில் நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நான், “மேல ஆள் நிக்கிறான்டா. நான் இறக்க மாட்டேன்” என்றேன். அவர், “அவன் யாருன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். “யாரா இருந்தா என்ன, மேல ஆள் நிக்கிறான்” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “சரிடா லீடர்” என்றார். அவ்வளவுதான்.

6. காது கேட்கும் கருவி வைக்கும் சிறிய டப்பா ஒன்றை என் கருவிப் பையில் போட்டார். அதைத் தங்கள் அலுவலக வரவேற்பில் ஒப்படைக்கச் சொன்னார். அதற்குள் லிஃப்ட் மேல் நின்றவன் ஏழாம் மாடிக் கதவின் கொக்கியை உட்புறமிருந்து விடுவித்து வெளியேறி, படியில் ஏறிவரும் சத்தம் கேட்டது. ரேடியோ சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டு படியில் இறங்கினார். அவனைச் சந்திக்கவே இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், தொப்பை உள்ளவர், உருளையைத் திறக்கும் முறையை என்னிடம் கேட்டுக்கொண்டு போனவர் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

7. நான் பின்னால் ஓடினேன். எட்டாம் மாடியிலிருந்து கீழ்வரை படியெல்லாம் நுரை. வழுக்கி விழுந்து ஒன்பது படிகள் உட்கார்ந்தபடியே இறங்கினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. துடைப்பக் கட்டையுடன் கோபமாக நின்ற துப்புரவுப் பணியாளர் அம்மா சொன்னது: “ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டு பின்வாசல் வழியா போனாங்க. ஒருத்தருக்குக் கால் தரையில படல.” யாருக்கு என்று கேட்டேன். இருவருமே தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்ததால் தெரியவில்லை என்றார்.

8. மேலாளர் நாற்பத்தேழு நிமிடங்கள் உள்ளே இருந்தார். அதில் முதல் ஒன்பது நிமிடங்களுக்கு நான் பொறுப்பு. மீதி முப்பத்தெட்டு, தலைமேல் ஆள் ஏறிய லிஃப்டைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்ற விதியால் ஆனவை. உள்ளே அவருடன் இருந்த இரண்டாம் ஆள் மிகவும் மரியாதையானவர் என்றும், விசிறிக்கொள்ளத் தன் ஃபைலைக் கொடுத்தார் என்றும் மேலாளர் வாக்குமூலம் அளித்துள்ளார். அந்த மரியாதையானவர் வெளியே வந்ததும் நன்றி சொல்லிவிட்டுத் தெருவில் கலந்துவிட்டார்.

9. அன்றே டப்பாவைப் பேருந்தில் எடுத்து வந்து தங்கள் வரவேற்பில் கொடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. என்னை ஒரு அறையில் உட்காரவைத்து, இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். என்மேல் விசாரணை வந்தபோது மேலாளர் தங்களிடம் விளக்கம் கேட்டார். அப்படி ஒரு நபரை எங்களுக்குத் தெரியாது என்று தாங்கள் பதில் அனுப்பினீர்கள். இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியது ஏன் என்பதை அடியேனால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

10. ரேடியோவின் மனைவி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அழுவதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “அண்ணா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?” என்று மட்டும் கேட்கிறார். இல்லை என்று நானும் மூன்று முறை சொல்லிவிட்டேன். நான் லிஃப்டை இறக்கியிருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பார். அதை இறக்காததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்த அம்மா எழுந்து போன பிறகு என்னால் சாப்பிட முடிவதில்லை.

11. ஆகவே, அன்று நான் செய்தது தங்கள் பணிக்கு உதவியாகச் செய்யப்பட்டதே என்று என் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுமாறு வேண்டுகிறேன். அது தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது இன்னொன்று. என் தோழர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைத் தாங்களே ஆள் அனுப்பி அவர் மனைவிக்குத் தெரிவிக்க வேண்டும்.

12. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த அம்மா மறுபடியும் வருவார். அதற்குள் தங்களிடமிருந்து யாரும் போகாவிட்டால், எனக்குத் தெரிந்த அனைத்தையும் நான் அவரிடம் சொல்லிவிடுவேன். கையெழுத்திட்ட உறுதிமொழியை மீறுவது என் வாழ்நாளில் இதுவே முதல் முறை. எனவே அதை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிப்பது என் கடமை என்று கருதுகிறேன். அதற்கான தண்டனையை ஏற்கத் தயாராக, அன்று மாலை வரை வீட்டிலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்

நாள்: 14, வியாழன்
இடம்: என் வீடு

இணைப்பு: தங்கள் வரவேற்பில் டப்பாவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதின் நகல்.