காட்டெருமைத் தலைக் கைத்தடி

என் வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் எனக்குக் குரல் நடுங்கும். அதனால் இதை நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கைத்தடி இல்லாமல் இனி ஓரடிகூட வைக்க முடியாதாம். அதற்கென்ன, வீட்டில்தான் ஐந்து இருக்கின்றனவே! அமெரிக்காவில் குதிரையேறிப் போய் நிலம் பிடித்தவர்கள் காலத்து வேலைப்பாடு என்று ஆசையாகத் தருவித்தீர்கள். பிடியில் கழுகுத் தலை, காட்டெருமைத் தலை, அந்த ஊர்ப் போலீஸ் ஷெரீபின் நட்சத்திரம். நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவற்றின் சரித்திரம் சொன்னீர்கள்.

அவர்கள் போனதும், "போய் எருமைய எடுத்துனு வாடி" என்பீர்கள். குழம்பில் உப்பு கூடினால் கழுகு. எதிர்த்துப் பேசினால் எருமை. நானேதான் எடுத்துவந்து உங்கள் கையில் நீட்ட வேண்டும்.

இன்று ஐந்தையும் ஆசாரி மார்ட்டினிடம் கொண்டுபோய், தலையை விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கம் ஒரு அடி நீளம் அறுக்கச் சொன்னேன்.

"சார் உயரத்துக்குப் பத்தாதும்மா. குனிஞ்சினேதான் நடக்கணும்" என்றார்.

"தெரியும். அறுங்க."

நாளை வாசலில் நிற்பேன். எது வேண்டுமென்று சொல்லுங்கள். எப்போதும்போல நானே எடுத்துவந்து நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவள்