தெற்கு வாசலின் தாழ்ப்பாள்

உயிருக்கு உயிரான மாப்ளே முத்தையா,

நீ போய் ரெண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழையைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரி. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாயிற்று.

நம் நாகல் நகர்ச் சத்திரத்தைப் பழைய சின்னம் என்று சர்க்கார் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இடிக்கக் கூடாதாம். பழையபடியே பழுது பார்த்து, தெரு ஜனமே புழங்கிக்கொள்ளலாமாம். சுண்ணாம்புக் காரையில் சேர்க்கக் கடுக்காயும் கருப்பட்டியும் முற்றத்தில் ஊறுகின்றன. அந்த வாடையோடு போனால் உன் அக்கா என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. சத்திரத்தைப் பூட்டித் திறக்கிற வேலை எனக்கு. சாவி என் இடுப்பில் தொங்குவதால் என்னைப் பெரிய மேஸ்திரி என்று நினைத்துச் சிலர் கும்பிடுகிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி தெற்குச் சுவர் பக்கம் நின்றுவிட்டார். "பழைய பிளான்ல இந்த வாசல் இல்லையே. பின்னாடி யாரோ உடைச்சிருக்காங்க. அடைச்சிருங்க."

யாரோ இல்லை, நீதான். ஒரு ஏழை வீட்டுக் கருமாதிப் பந்தி தெருவில் மழையில் நனைந்தது. கல்யாணம் நுழைகிற கிழக்கு வாசலில் துக்கம் நுழையக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். "வாசல்தானய்யா வேணும்? இந்தா" என்று கடப்பாரையைத் தூக்கினாயே. அன்று முதல் கல்யாணம் கிழக்கே, துக்கம் தெற்கே. உன் கருமாதிக்கும் அந்த வழியாகத்தான் வாழை இலைக்கட்டைச் சுமந்துகொண்டு நுழைந்தேன்.

அடைக்கச் சொன்ன மறுநாள் காலை அந்தக் கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள். பூட்டிய சத்திரத்துக்குள் யார் இருந்தது? மறுபடி போட்டேன். மறுநாளும் திறந்திருந்தது.

"சுத்தியல் அடிக்கிற அதிர்வுல நழுவுது" என்றார் கொத்தனார்.

"அப்பா ஒழுங்கா போட்டிருக்க மாட்டீக." என்றாள் என் மகள் செல்வி. மாமா வந்திருப்பாரோ என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீதானா மாப்ளே? வாசலை அடைத்துவிட்டால் நீ எந்த வழியாய் வருவாய்? இதை அதிகாரியிடம் சொல்லவா முடியும்? "தெருவுக்கு வேணும் சார்" என்று கெஞ்சினேன். ஒருதரம் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தேன். தமிழிலேயே சொல்லுங்கள் என்றுவிட்டார்.

வாசலை அடைக்கச் செங்கல் வந்து இறங்கியது. அந்த வாரம்தான் நம் தெருவில் செத்த ஒருவருக்குப் பதினாறாம் நாள். சாரம் கட்டிய மண்டபத்திலேயே கருமாதி நடந்தது. யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்கியிருந்த செங்கலைச் சுற்றிக்கொண்டு, சனம் தெற்கு வாசலிலேயே வந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். செத்தவரின் அக்கா கருப்பாயி அவரிடம் போனாள்.

"இதையும் அடைச்சிட்டா நாங்க எங்கிட்டு அப்பு வர்றது? செத்த நேரம் உக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பிளானை விரித்து, பென்சிலால் அந்த வாசலை வரைந்தார். "இருக்கட்டும். ஆனா சுவர்ல அந்தக் கடப்பாரைத் தடத்தைப் பூசி மறைக்காதீங்க."

நீ கொத்திய தடமும் இப்போது சர்க்கார் பாதுகாப்பில், மாப்ளே.

வேலை முடிந்தது. அதிலிருந்து தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே கிடக்கிறது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறேன். திறந்து கிடந்தபோது பயந்தேன். திறக்காமல் கிடப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. வாசல் பிழைத்தது போதும் என்று போய்விட்டாயா? செல்வி கல்யாணத்தைக்கூடப் பார்க்காமலா?

புதுப்பித்த மண்டபத்தில் முதல் கல்யாணம் அவளுடையது, தை மாதம். தாய்மாமன் மாலையை யார் போடுவது என்று கேட்டுவிட்டு உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கல்யாணத்தன்று தெற்குக் கதவைச் சாத்தித் தாழிடுவது வழக்கம். நேற்றுச் செல்வி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அன்னைக்குத் தாழ்ப்பாள் மட்டும் போடாதீக."

ஊருக்காகக் கதவைச் சாத்துவேன். தாழ்ப்பாள் போட மாட்டேன், இது சத்தியம். கிழக்கு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். காது மட்டும் தெற்கே இருக்கும்.

உன் அக்காவைக் கட்டிய மச்சான்,
சின்னச்சாமி